பட்டறையில் பிறந்த கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை: கொங்குப் பகுதியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணபதியில் லேத் வைத்திருப்பவர், திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் கட்டுபவர், பல்லடத்தில் தறி ஓட்டுபவர், இன்ஜினியரிங் கல்லூரி மாணவர் என்று யார் கேட்டாலும் காப்புரிமை பற்றிய சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறோம். காப்புரிமைக் கட்டணங்கள் எல்லாம் 2024 மார்ச்சில் திருத்தப்பட்ட விதிகளை ஒட்டியவை. தனிநபர் ஆன்லைனில் தாக்கல் செய்தால் ஆகும் தொகை. பணம் கட்டும் முன் காப்புரிமை அலுவலகத்தின் ஐ.பி. இந்தியா இணையதளத்தில் உள்ள கட்டண அட்டவணையை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏனுங்க, பேட்டன்ட் வாங்குனா அப்படி என்னதான் கிடைக்கும்?

உங்கள் அனுமதி இல்லாமல் இந்தியாவுக்குள் அந்தப் பொருளை வேறு யாரும் செய்யவோ, பயன்படுத்தவோ, விற்கவோ, விற்பனைக்கு வைக்கவோ, இறக்குமதி செய்யவோ கூடாது என்று தடுக்கும் உரிமை கிடைக்கும். விண்ணப்பம் போட்ட தேதியிலிருந்து 20 ஆண்டு. அதற்குப் பதிலாக, அந்தப் பொருளை எப்படிச் செய்வது என்பதை ஒளிவுமறைவில்லாமல் எழுதிக் கொடுக்க வேண்டும். 20 ஆண்டு முடிந்ததும் அது ஊருக்குப் பொது.

இது சான்றிதழோ விருதோ அல்ல. மெசின் நன்றாக ஓடும் என்றோ, தரமானது என்றோ அரசு சொல்வதாகவும் ஆகாது. தடுக்கும் உரிமை மட்டும்தான்.

நம்ம பட்டறையில செஞ்சது பெருசா ஒண்ணுமில்லீங்க, சின்ன மாத்தந்தான். அதுக்கும் கிடைக்குமுங்களா?

மாற்றம் சிறியதா பெரியதா என்று சட்டம் பார்ப்பதில்லை. மூன்றைப் பார்க்கிறது. முதலில், அது உலகில் எங்கும் இதற்கு முன் வெளியாகாததாக இருக்க வேண்டும். அடுத்து, அதே தொழிலில் கைதேர்ந்த ஒருவருக்கு உடனே தோன்றிவிடாததாக இருக்க வேண்டும். கடைசியாக, தொழிலில் செய்து பயன்படுத்தக் கூடியதாக இருக்க வேண்டும். பம்பின் இம்பெல்லரில் ஒரு தகட்டின் வளைவை மாற்றி, மணல் தண்ணீரிலும் தேய்மானம் பாதியாகிறது என்றால் அது கிடைக்கக் கூடியதே. பித்தளைக்குப் பதில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டேன் என்பது மட்டும் போதாது. அது எந்த ஃபிட்டருக்கும் தோன்றும்.

ஜெர்மனியிலும் சீனாவிலும் சிறு மேம்பாடுகளுக்கென்று 'யுட்டிலிட்டி மாடல்' என்ற எளிய உரிமை உண்டு. இந்தியாவில் அது இல்லை. அதனால் இங்கே சிறு மாற்றத்துக்கும் முழுக் காப்புரிமையின் பரீட்சையைத்தான் எழுத வேண்டும். மாற்றம் உருவத்தில் மட்டும்தான், வேலை செய்யும் விதத்தில் இல்லை என்றால் டிசைன் பதிவு செய்யுங்கள். கட்டணம் 1,000 ரூபாய். 10 ஆண்டு, அதன்பின் 5 ஆண்டு நீட்டிக்கலாம். கிரைண்டர், மிக்ஸி, ஃபேன் போன்றவற்றின் வெளித்தோற்றத்துக்கு இதுவே சரியான வழி.

எதுக்கெல்லாம் கிடைக்காதுன்னு முதல்லயே சொல்லிப்போடுங்க.

1970ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 3ஆவது பிரிவில் பட்டியல் இருக்கிறது. நம் பகுதியில் அடிக்கடி அடிபடுவது 3(எஃப்): தெரிந்த சாமான்களைச் சேர்த்து வைத்தது, ஆனால் ஒவ்வொன்றும் தன் பழைய வேலையைத் தனித்தனியாகவே செய்கிறது. கிரைண்டரில் டைமரும் லைட்டும் மாட்டினால் அந்த வகை. மாவின் பதம் ஏறுவதை மோட்டார் இழுக்கும் கரன்ட்டை வைத்துக் கண்டு, அதற்கேற்ப வேகத்தைக் குறைக்கும் அமைப்பு என்றால் அந்தச் சாமான்கள் ஒன்றோடொன்று சேர்ந்து புதிய வேலை செய்கின்றன, அங்கே வழக்காடலாம்.

பயிர் செய்யும் முறைக்குக் கிடைக்காது; ஆனால் அதற்கான கருவிக்குக் கிடைக்கும். செடி, விதை, விலங்குக்குக் கிடையாது. புதிய பயிர் ரகத்துக்கு 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டம் தனியாக இருக்கிறது. வியாபார முறை, வெறும் சாஃப்ட்வேர், கணக்கு முறை ஆகியவற்றுக்கும் இல்லை. நிட்டிங் மெசினில் நூல் அறுவதைக் கேமரா கண்டு உடனே மெசினை நிறுத்தும் அமைப்பு போல, சாஃப்ட்வேர் ஒரு தொழில்நுட்ப விளைவை உண்டாக்கினால் இடமுண்டு. கரன்ட்டே இல்லாமல் தானாக ஓடிக்கொண்டே இருக்கும் ஜெனரேட்டர் என்று ஆண்டுதோறும் யாராவது வருகிறார்கள். இயற்கை விதிக்கு முரணானதால் அது 3(ஏ)-யில் நிற்கும். அதற்குப் பணம் செலவழிக்க வேண்டாம்.

கோயமுத்தூர் கிரைண்டருக்கு ஏற்கெனவே பேட்டன்ட் இருக்குதாமே, அப்ப நாங்க கிரைண்டர்ல எதுவும் பண்ண முடியாதுங்களா?

கோயமுத்தூர் வெட் கிரைண்டருக்கு இருப்பது புவிசார் குறியீடு. ஈரோடு மஞ்சள், பவானி ஜமக்காளம், பழனி பஞ்சாமிர்தம் ஆகியவற்றுக்கும் அதுதான். அது ஊர்ப் பெயரோடு ஒட்டிய தரத்தைக் காப்பது. இயந்திரத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கட்டுப்படுத்தாது. கிரைண்டரில் புதிதாக ஒன்றைச் செய்து அதற்குக் காப்புரிமை கேட்பதற்கு இது தடையே இல்லை.

கோயமுத்தூர் கொடிசியா கண்காட்சியில ஸ்டால் போட்டாச்சு, யூடியூப்லயும் வீடியோ போட்டாச்சு. இப்ப அப்ளிகேஷன் போடலாமுங்களா?

எங்கள் காதுக்கு வரும் கேள்விகளில் மனசுக்குக் கஷ்டமானது இதுதான். வெளியே காட்டிய பொருள் அன்றோடு 'புதியது' என்ற தகுதியை இழக்கிறது. காட்டியது வேறு யாராகவும் இருக்க வேண்டியதில்லை. நீங்களே காட்டினாலும் அதே கதி. கண்காட்சி, யூடியூப், இன்ஸ்டாகிராம், வாட்ஸப் குரூப், பத்திரிகைச் செய்தி, கல்லூரி எக்ஸ்போ, பில் போட்டு விற்ற முதல் மெசின் எல்லாம் இதில் அடக்கம். அமெரிக்காவில் கண்டுபிடித்தவரே வெளியிட்டால் ஓராண்டு பொதுச் சலுகை உண்டு. அதைப் படித்துவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று நம்பி ஏமாறுபவர்கள் பலர்.

இந்தியாவில் விதிவிலக்குகள் குறுகியவை. மத்திய அரசு கெஜட்டில் அறிவித்த கண்காட்சியில் காட்டியிருந்தாலோ, அறிஞர் சபையில் கட்டுரையாக வாசித்திருந்தாலோ 12 மாதத்துக்குள் விண்ணப்பிக்கலாம். அதற்கு ஃபாரம் 31 என்று தனி மனு. பொருளின் தன்மையால் பொது இடத்தில்தான் சோதிக்க முடியும் என்றால், நியாயமான சோதனை ஓட்டத்துக்கு ஓராண்டு விலக்கு உண்டு. உங்களிடமிருந்து திருடி வேறொருவர் வெளியிட்டிருந்தால், தெரிந்தவுடன் தாமதிக்காமல் தாக்கல் செய்தால் காப்பாற்ற வழி உண்டு. ஸ்டால் போட்ட கண்காட்சி கெஜட் அறிவிப்பில் இருந்ததா என்று முதலில் பாருங்கள்.

வீடியோவில் எது தெரிந்தது என்பதும் முக்கியம். மெசின் ஓடுவது மட்டும் தெரிந்து, உள்ளே இருக்கும் சூட்சுமம் தெரியவில்லை, பார்த்தவர் அதை ஊகிக்கவும் முடியாது என்றால் அந்தச் சூட்சுமத்துக்கு இன்னும் விண்ணப்பிக்கலாம். வீடியோவை அழித்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். வெளியான தேதி வெளியானதுதான்.

அப்ப லேத்துக்காரருகிட்ட டிராயிங் குடுக்கறதே தப்புங்களா?

தப்பில்லை. ரகசியமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்ற புரிதலோடு கொடுத்தது வெளியீடு ஆகாது. ஆனால் அந்தப் புரிதலுக்கு எழுத்தில் சாட்சி வேண்டும். ஒரு பக்கத்தில், இன்ன டிராயிங், இன்ன தேதி, இன்னாரிடம் கொடுக்கப்பட்டது, வேறு யாருக்கும் காட்டவோ செய்து தரவோ கூடாது என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டால் போதும். கூச்சப்பட வேண்டாம்; பெரிய கம்பெனிகள் ஜாப் ஒர்க் கொடுக்கும்போது இதைக் கேட்காமல் கொடுப்பதில்லை.

நடைமுறையில் இன்னொன்றும் செய்யலாம். பேட்டர்னை ஓர் இடத்தில், மெஷினிங்கை ஓர் இடத்தில் கொடுத்து, அசெம்பிளியை உங்கள் பட்டறையில் வைத்துக்கொள்ளுங்கள். டிராயிங்கில் மெசினின் பெயரை எழுதாமல் பார்ட் நம்பர் மட்டும் போடுங்கள். எனக்கு நானே ரிஜிஸ்டர் தபால் அனுப்பிப் பிரிக்காமல் வைத்திருக்கிறேன் என்பவர்கள் உண்டு. அதனால் காப்புரிமை கிடைக்காது. யார் முதலில் விண்ணப்பித்தார் என்பதுதான் கணக்கு.

ஏற்கெனவே யாராச்சும் பண்ணியிருக்காங்களான்னு எப்படிப் பாக்கறது?

கூகுள் பேட்டன்ட்ஸ், ஐரோப்பிய அலுவலகத்தின் எஸ்பாஸ்நெட், இந்திய அலுவலகத்தின் இன்பாஸ் மூன்றும் இலவசம். பெயரை வைத்து மட்டும் தேடாதீர்கள். நாம் 'தேங்காய் உரிக்கும் மெசின்' என்பதை ஒருவர் 'நார்ப்பழத்தின் மேலுறையை நீக்கும் கருவி' என்று எழுதியிருப்பார். வகைப்பாட்டுக் குறியீட்டை வைத்துத் தேடுவது நல்லது. மையவிலக்கு பம்புக்கு எஃப்04டி, நிட்டிங்குக்கு டி04பி, மரம் ஏறும் கருவிக்கு ஏ63பி 27. உங்கள் பொருளுக்கு நெருக்கமான ஒரு ஆவணம் கிடைத்தால், அதில் போட்டிருக்கும் குறியீட்டையும் அது மேற்கோள் காட்டும் ஆவணங்களையும் பிடித்துக்கொண்டு போங்கள்.

பழைய ஆவணங்களைப் படிப்பதில் இன்னொரு லாபம் உண்டு. 20 ஆண்டு முடிந்தவை, கட்டணம் கட்டாமல் காலாவதியானவை, இந்தியாவில் விண்ணப்பிக்கவே படாதவை எல்லாவற்றையும், வேறு நடப்புக் காப்புரிமை குறுக்கே இல்லாதவரை, இங்கே காசு கொடுக்காமல் செய்து விற்கலாம். டிராயிங்கோடு கிடைக்கும். நம் பட்டறைக்காரர்கள் இந்தக் களஞ்சியத்தை இன்னும் அதிகமாகப் பயன்படுத்த வேண்டும் என்பது எங்கள் ஆசை.

மெசின் இன்னும் முழுசா ஓடலீங்க. ஓடுனதுக்கப்புறம் போட்டாப் போதுமுங்களா?

ஓடும் மாதிரி இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எப்படி வேலை செய்யும் என்பது உங்களுக்குத் தெளிவாகிவிட்டால் புரொவிஷனல் (தற்காலிக) விண்ணப்பம் போடலாம். அன்றைய தேதி உங்களுக்குச் சொந்தமாகிவிடும். அதன்பின் 12 மாதத்துக்குள் கம்ப்ளீட் ஸ்பெசிஃபிகேஷன், அதாவது முழு விவரக்குறிப்பு, கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகும். அப்படிக் கைவிட்ட புரொவிஷனலை அலுவலகம் வெளியிடாது. அதனால் இடையில் நீங்கள் யாருக்கும் காட்டாமல் இருந்திருந்தால் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். பழைய தேதி மட்டும் போய்விடும்.

புரொவிஷனலை அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுப்பதுதான் பலர் செய்யும் பிழை. தேதி, அதில் எழுதியிருப்பதற்கு மட்டுமே செல்லும். 'மஞ்சள் பாலிஷ் போடும் புதிய இயந்திரம்' என்று தலைப்பும் நாலு வரியும் கொடுத்துவிட்டு, பத்து மாதம் கழித்து ஸ்பிரிங்கும் கீலும் சேர்த்தால், அந்த ஸ்பிரிங்குக்குத் தேதி பத்து மாதம் பின்னால்தான். எல்லா டிராயிங்கையும், நீங்கள் யோசித்து வைத்திருக்கும் மாற்று வழிகளையும் சேர்த்தே கொடுங்கள். கிளெய்ம், அதாவது உங்கள் உரிமையின் எல்லையைச் சொல்லும் வாக்கியங்கள், மட்டும் இப்போது தேவையில்லை.

மொத்தத்துல எவ்வளவு செலவாகுமுங்க?

அரசுக்குக் கட்டுவது, தனிநபருக்கு: விண்ணப்பம் 1,600 ரூபாய். 30 பக்கத்துக்கு மேல் போனால் பக்கத்துக்கு 160, 10 கிளெய்முக்கு மேல் போனால் ஒவ்வொன்றுக்கும் 320. பரிசீலனைக்கு 4,000. சீக்கிரம் வெளியிடக் கேட்டால் 2,500, அது விருப்பம்தான். ஆக, வாங்கும் வரை பெரும்பாலும் 5,600 அல்லது 8,100. ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம், கல்வி நிறுவனம் ஆகியவற்றுக்கும் இதே விகிதம். அவர்கள் ஃபாரம் 28-உடன் உத்யம் (சிறுதொழில் பதிவு) சான்று, ஸ்டார்ட்அப் அங்கீகாரம் போன்ற தகுதிச் சான்றை வைக்க வேண்டும். பெரிய கம்பெனிக்கு விண்ணப்பம் 8,000, பரிசீலனை 20,000.

கிடைத்தபின் ஆண்டுக் கட்டணம்: 3 முதல் 6ஆம் ஆண்டு வரை ஆண்டுக்கு 800, 7 முதல் 10 வரை 2,400, 11 முதல் 15 வரை 4,800, 16 முதல் 20 வரை 8,000. இருபது ஆண்டும் வைத்திருந்தால் 76,800 ரூபாய். நான்கு ஆண்டுக்காவது சேர்த்து ஆன்லைனில் முன்கூட்டிக் கட்டினால் 10 சதவீதம் குறையும்.

விண்ணப்பத்தை எழுதி நடத்தித் தரும் பேட்டன்ட் ஏஜென்ட்டின் கட்டணம் தனி. ஆளுக்கு ஆள் வேறுபடும். எழுதுவதற்கு எவ்வளவு, ஆட்சேபணைக்குப் பதில் போட எவ்வளவு, ஹியரிங்குக்கு எவ்வளவு என்று பிரித்து எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அங்கீகரிக்கப்பட்ட ஸ்டார்ட்அப்புக்கு எஸ்.ஐ.பி.பி. என்ற ஸ்டார்ட்அப் அறிவுசார் சொத்துப் பாதுகாப்புத் திட்டத்தில் ஏஜென்ட் கட்டணத்தை மத்திய அரசே கொடுக்கிறது. முறையான படிப்போ நிறுவன ஆதரவோ இல்லாத கண்டுபிடிப்பாளர்களுக்கு, காந்திநகரில் உள்ள தேசியப் புத்தாக்க நிறுவனம் தேர்ந்தெடுத்த கண்டுபிடிப்புகளுக்குத் தன் செலவிலேயே விண்ணப்பித்துத் தருகிறது. படிப்பு இல்லையே என்று தயங்க வேண்டாம். குறைந்த விலை நாப்கின் இயந்திரம் செய்து 2016இல் பத்மஸ்ரீ பெற்ற கோவை அருணாசலம் முருகானந்தம் பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்தியவர்.

கிளெய்ம் கிளெய்ம்ங்கறாங்களே, அது என்னங்க?

தோட்டத்துக் கிரயப் பத்திரத்தில் நான்கு எல்லை எழுதுவதுபோல, உங்கள் உரிமை எதுவரை என்று எழுதும் வாக்கியங்கள்தான் கிளெய்ம். டிராயிங்கும் விளக்கமும் எவ்வளவு நன்றாக இருந்தாலும், கோர்ட்டில் படிக்கப்படுவது கிளெய்ம்தான். அதில் எழுதிய ஒவ்வொரு உறுப்பும் எதிராளியின் மெசினில் இருந்தால்தான் அவர் மீறியவர். ஒன்று குறைந்தாலும் பொதுவாகத் தப்பித்துவிடுவார்.

ஒரு கற்பனை உதாரணம். வேகவைத்துக் காய்ந்த மஞ்சளைப் பாலிஷ் போடும் டிரம். சரக்கு நிறைய இருக்கும்போது தகடுகள் தூக்கிப் போட்டு விரலி மஞ்சள் உடைகிறது. அதற்கு ஒருவர் தகட்டைக் கீலில் மாட்டி, பின்னால் ஸ்பிரிங் வைத்து, பாரம் கூடினால் தகடு மடங்கும்படி செய்கிறார். அவர் எழுதும் முதல் வரைவு பெரும்பாலும் இப்படி இருக்கும்: "3 ஹெச்.பி. மோட்டாரும், 4 மி.மீ. எம்.எஸ். தகட்டில் செய்த ஆறு இறக்கைகளும், பச்சை வர்ணமும் கொண்ட மஞ்சள் பாலிஷ் இயந்திரம்." ஐந்து இறக்கை வைத்து, 5 மி.மீ. தகட்டில், 2 ஹெச்.பி. மோட்டாரில் அடுத்தவர் செய்தால் இந்தக் கிளெய்ம் அவரைத் தொடாது. முக்கியமான ஸ்பிரிங் அதில் இல்லவே இல்லை.

சரியாக எழுதினால்: "கிடைமட்ட அச்சில் சுழலும், துளையிட்ட சுவர் கொண்ட டிரம், அதன் உட்சுவரில் கீலால் இணைத்த ஒரு தூக்குத் தகடாவது, அந்தத் தகட்டை விரித்து நிறுத்தும் மீள்விசை உறுப்பு, தகட்டின் மேல் பாரம் ஒரு அளவைத் தாண்டினால் தகடு சுவரை நோக்கி மடங்கும் வகையில் அந்த உறுப்பு அமைந்திருப்பது." இங்கே ஸ்பிரிங் என்றுகூடச் சொல்லவில்லை, ரப்பர் புஷ் போட்டாலும் மாட்டிக்கொள்வார். ஸ்பிரிங், ஆறு தகடு, துளையின் அளவு எல்லாம் இதைச் சார்ந்த அடுத்தடுத்த கிளெய்ம்களில் வரும். பரிசீலனையில் முதல் கிளெய்ம் அடிபட்டால் பின்னால் வருபவை தாங்கிப் பிடிக்கும். அளவுக்கு மீறி அகலமாக, "மஞ்சள் உடையாத டிரம்" என்று எழுதினால் பழைய ஆவணம் ஒன்றைக் காட்டி முதல் சுற்றிலேயே தள்ளிவிடுவார்கள்.

தமிழ்ல எழுதிக் குடுக்கலாமுங்களா? நானே போட முடியுமா, ஏஜென்ட் வேணுமா?

ஆவணங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் இருக்க வேண்டும். நீங்களே போடச் சட்டம் அனுமதிக்கிறது. ஆன்லைனில் போட மூன்றாம் வகுப்பு டிஜிட்டல் கையொப்பம் வேண்டும். ஃபாரம் 1 விண்ணப்பம், ஃபாரம் 2 விவரக்குறிப்பு, ஃபாரம் 3 வெளிநாட்டு விண்ணப்ப விவரம், ஃபாரம் 5 கண்டுபிடித்தவர் உறுதிமொழி. நமக்கான அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது.

மேலே சொன்ன உதாரணத்தைப் பார்த்தால் எங்கள் கருத்து விளங்கும்: ஃபாரங்களை நீங்களே நிரப்பலாம், கிளெய்மை மட்டும் அனுபவமுள்ளவரிடம் கொடுங்கள். வக்கீல் என்பதாலேயே ஒருவர் காப்புரிமை அலுவலகத்தில் உங்களுக்காக இந்த வேலையைச் செய்ய முடியாது. பேட்டன்ட் ஏஜென்ட் தேர்வில் தேறிப் பதிவு செய்தவராக இருக்க வேண்டும். பதிவு எண்ணை ஐ.பி. இந்தியா தளத்தில் சரிபாருங்கள். உங்கள் துறை இயந்திரத்தைப் புரிந்துகொள்பவராக இருப்பதும் முக்கியம். பட்டறைக்கு நேரில் வந்து மெசின் ஓடுவதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

போட்டதுக்கப்புறம் என்ன நடக்கும்?

18 மாதம் முடிந்ததும் விண்ணப்பம் காப்புரிமை அலுவலகத்தின் இதழில் வெளியாகும். பரிசீலனைக்கு என்று தனியாக ஃபாரம் 18 கொடுக்க வேண்டும். தானாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். 2024 மார்ச் 15 முதல் போடும் விண்ணப்பங்களுக்கு இதன் கெடு, முதலில் விண்ணப்பித்த தேதியிலிருந்து 31 மாதம். முன்பு 48 மாதமாக இருந்தது. பழைய கணக்கை நம்பியிருப்பவர்கள் கவனிக்க வேண்டும். தவறினால் விண்ணப்பம் திரும்பப் பெற்றதாகக் கருதப்படும்.

பிறகு முதல் பரிசீலனை அறிக்கை வரும். ஆட்சேபணை இல்லாத அறிக்கை அபூர்வம். வந்தவுடன் மனம் விட வேண்டியதில்லை. 6 மாதத்துக்குள் பதில் தர வேண்டும். கட்டணம் கட்டி 3 மாதம் நீட்டிக்கலாம். பதிலில் திருப்தி இல்லையென்றால் ஹியரிங் வைப்பார்கள். அது முடிந்து 15 நாளில் எழுத்துப்பூர்வ வாதம் தர வேண்டும். இதற்கிடையில் யார் வேண்டுமானாலும் எதிர்ப்பு மனு போடலாம். கிடைத்தபின்பும் ஓராண்டு வரை, பாதிக்கப்படக்கூடியவர்கள் எதிர்க்கலாம்.

அவசரமென்றால் ஃபாரம் 18ஏ, கட்டணம் 8,000. ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம் கேட்கலாம். தனிநபர்கள் விண்ணப்பித்தால், அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருந்தால் கேட்கலாம்.

'பேட்டன்ட் பெண்டிங்'னு மெசின்ல ஒட்டிக்கலாமுங்களா?

விண்ணப்ப எண் கையில் வந்தபின் ஒட்டலாம். அதற்கு முன் ஒட்டினாலும், விண்ணப்ப நிலையிலேயே 'பேட்டன்ட் பெற்றது' என்று போட்டாலும் 120ஆவது பிரிவின்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். கிடைத்தபின் 'பேட்டன்ட்' என்று மட்டும் பொறிக்காதீர்கள். எண்ணையும் சேர்த்துப் பொறிக்க வேண்டும். எண் இல்லாவிட்டால், எனக்குத் தெரியாது என்று சொல்லி எதிராளி நஷ்டஈட்டிலிருந்து நழுவ இடம் இருக்கிறது.

மச்சானும் நானும் சேந்து செஞ்சோம். ரெண்டு பேர் பேர்லயும் போட்டா நல்லதுதானுங்க?

முதலில், இருவரும் கண்டுபிடித்தவர்களா என்று பாருங்கள். பணம் போட்டவர் கண்டுபிடித்தவர் ஆகமாட்டார். அவருக்கு எழுதிக் கொடுத்து உரிமையாளர் ஆக்கலாம், அது வேறு. இருவரும் யோசனையில் பங்கு கொண்டிருந்தால் இருவர் பெயரும் வரத்தான் வேண்டும்.

வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் 50ஆவது பிரிவு இப்படிச் சொல்கிறது: இருவருக்கும் சம பங்கு, ஒவ்வொருவரும் மற்றவரிடம் கேட்காமல், கணக்குக் காட்டாமல் தானே செய்து விற்றுக்கொள்ளலாம், ஆனால் மற்றவர் சம்மதம் இல்லாமல் லைசென்ஸ் கொடுக்கவோ தன் பங்கை விற்கவோ முடியாது. உறவு நன்றாக இருக்கும்போது இது உறுத்தாது. பின்னால் ஒருவர் தனிப் பட்டறை போட்டு அதே மெசினை விற்றால் இன்னொருவர் தடுக்க முடியாது. ஒரு நல்ல லைசென்ஸ் வந்தால் ஒருவர் கையெழுத்துப் போடாமல் நிறுத்திவிடலாம். அதனால் விண்ணப்பத்துக்கு முன்பே யாருக்கு எவ்வளவு, யார் விற்கலாம், பிரிந்தால் என்ன என்று முத்திரைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சொந்தபந்தத்துக்குள் எழுதுவது மரியாதைக் குறைவல்ல. சொந்தம் நிலைக்க அதுதான் நல்லது.

கம்பெனியில வேலை பாக்கறப்ப கண்டுபிடிச்சது யாருக்குச் சொந்தம்? காலேஜ் புராஜெக்ட்னா?

நம் காப்புரிமைச் சட்டத்தில் ஊழியர் கண்டுபிடிப்புக்கென்று தனிப் பிரிவு இல்லை. நியமன உத்தரவில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் பேசும். அதை எடுத்துப் படியுங்கள். எழுதிக் கொடுத்திருந்தாலும் கண்டுபிடித்தவர் என்று உங்கள் பெயர் விண்ணப்பத்தில் இருக்க வேண்டும். அதை யாரும் நீக்க முடியாது. கல்லூரியில் அதன் அறிவுசார் சொத்துக் கொள்கையைக் கேளுங்கள். புராஜெக்ட் ரிப்போர்ட் நூலகத்துக்குப் போவதும், எக்ஸ்போவில் வைப்பதும் வெளியீடுதான்; கொடிசியா கேள்விக்குச் சொன்னது இங்கேயும் பொருந்தும்.

வெளிநாட்டுக்கும் அனுப்பறோம். உலகம் பூராவுக்கும் ஒரே பேட்டன்ட் இருக்குதாமே?

இல்லை. நாட்டுக்கு நாடு தனித்தனி. பி.சி.டி. என்பது ஒரே விண்ணப்பத்தில் பல நாட்டுக்கான தேதியைக் காத்துக்கொள்ளும் ஏற்பாடு. பிறகு பெரும்பாலான நாடுகளில் 30 மாதத்துக்குள் தனித்தனியாக உள்ளே போக வேண்டும், அங்கங்கே பணம் கட்ட வேண்டும். இந்தியாவில் போட்ட 12 மாதத்துக்குள் வெளிநாட்டிலோ பி.சி.டி.யிலோ போட்டால்தான் இந்தியத் தேதி செல்லும். இந்தியாவில் வாங்கிய உரிமை, சீனாவில் செய்து ஆப்பிரிக்காவில் விற்பவரைத் தடுக்காது. அதே பொருள் இங்கே இறக்குமதியானால் தடுக்கும்.

இந்தியாவில் குடியிருப்பவர் முதலில் வெளிநாட்டில் போடக் கூடாது. ஒன்று, இங்கே போட்டு 6 வாரம் காத்திருக்க வேண்டும். அல்லது ஃபாரம் 25-இல் அனுமதி வாங்க வேண்டும். 39ஆவது பிரிவை மீறினால் இங்குள்ள உரிமையும் போய்விடும்.

மஞ்சள்ல பாட்டி காலத்து வைத்தியம் ஒண்ணு எங்க வீட்டுல இருக்குது. அதுக்கு வாங்கலாமுங்களா?

பாரம்பரிய அறிவுக்குக் கிடைக்காது. 3(பி) என்ற கடைசி உட்பிரிவு தடுக்கிறது. அமெரிக்காவில் மஞ்சள் தூள் காயம் ஆற்றுவதற்கு 1995இல் கொடுத்த காப்புரிமையை, நம் நாட்டு அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகமான சி.எஸ்.ஐ.ஆர். பழைய நூல்களைச் சான்றாகக் காட்டி 1997இல் ரத்து செய்ய வைத்தது. நமக்குப் பெருமையான அந்த நியாயம் நமக்கும் பொருந்தும். மஞ்சளிலிருந்து புதிய முறையில் ஒன்றைப் பிரித்தெடுத்தால் அந்த முறைக்குக் கேட்கலாம். நாட்டு உயிர்வளத்தைப் பயன்படுத்தியிருந்தால் சென்னையில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் நடைமுறையையும் முடிக்க வேண்டும்.

பக்கத்துப் பட்டறைக்காரர் அப்படியே காப்பியடிச்சு விக்கறாரு. போலீஸ்ல கம்ப்ளைன்ட் குடுக்கலாமுங்களா?

இது சிவில் விவகாரம். போலீஸ் எடுக்க முடியாது. காப்புரிமை கிடைத்தபின்தான் வழக்குப் போடலாம். ஆனால் கிடைத்துவிட்டால், விண்ணப்பம் இதழில் வெளியான நாளிலிருந்து நடந்த மீறலுக்கும் நஷ்டஈடு கேட்கலாம். சீக்கிரம் வெளியிடக் கேட்கும் 2,500 ரூபாய் இங்கேதான் உதவுகிறது.

ஜி.எஸ்.டி. பில்லோடு அவருடைய மெசின் ஒன்றை வாங்குங்கள். அதைக் கழற்றி ஒவ்வொரு உறுப்பையும் படமெடுத்து, உங்கள் முதல் கிளெய்மின் ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒட்டி அட்டவணை போடுங்கள். ஏதாவது ஒரு கட்டம் காலியாக இருந்தால் அங்கேயே யோசியுங்கள். அதன்பின் வக்கீல் நோட்டீஸ். வழக்கு மாவட்ட நீதிமன்றத்துக்குக் கீழே போட முடியாது. எதிராளி உங்கள் காப்புரிமையையே ரத்து செய்யக் கேட்டால் உயர் நீதிமன்றத்துக்குப் போகும். கையில் உரிமை வராத நேரத்தில் அவருடைய டீலர்களை வாட்ஸப்பில் மிரட்டாதீர்கள். ஆதாரமில்லாத மிரட்டலுக்கு 106ஆவது பிரிவில் அவரே உங்கள் மேல் வழக்குப் போடலாம்.

எனக்கு பேட்டன்ட் வந்திருச்சு. ஆனா இன்னொரு கம்பெனி, நீ செய்யக் கூடாதுன்னு நோட்டீஸ் விடுது. எப்படீங்க?

முதல் கேள்விக்குச் சொன்ன பதிலை மீண்டும் பாருங்கள்: கிடைப்பது தடுக்கும் உரிமை, செய்யும் உரிமை அல்ல. மடங்கும் தகட்டுக்கு உங்களுக்கு உரிமை இருக்கலாம். அந்த டிரம்முக்கே அவருக்கு உயிரோடு ஒரு காப்புரிமை இருந்தால், உங்கள் மெசினைச் செய்ய அவர் அனுமதி வேண்டும். அவருக்கும் உங்கள் தகடு வேண்டுமென்றால் உங்கள் அனுமதி வேண்டும். பெரும்பாலும் இது ஒருவருக்கொருவர் லைசென்ஸ் கொடுத்து முடியும். முதலில் அவருடைய காப்புரிமை இந்தியாவுடையதா, கட்டணம் கட்டி நடப்பில் இருக்கிறதா என்று பதிவேட்டில் பாருங்கள்.

போட்டதுக்கப்புறம் மெசினை இன்னும் நல்லா பண்ணிட்டேன். மறுபடி முதல்ல இருந்து போடோணுமுங்களா?

கூடுதல் காப்புரிமை என்று 54ஆவது பிரிவில் உண்டு. முதன்மைக் காப்புரிமையின் மேம்பாட்டுக்குத் தனியாக ஆண்டுக் கட்டணம் இல்லை. முதன்மையோடு சேர்ந்தே முடியும். மேம்பாட்டை வெளியே காட்டும் முன் போட வேண்டும் என்பதில் மாற்றமில்லை. புதிய விஷயத்தைப் பழைய விண்ணப்பத்துக்குள் திருத்தமாக நுழைக்க முடியாது.

ஆண்டுக் கட்டணம் கட்ட மறந்துட்டனுங்க. போச்சுங்களா?

கெடு தாண்டி 6 மாதம் வரை, மாதத்துக்கு 480 ரூபாய் சேர்த்துக் கட்டலாம். அதுவும் போனால் உரிமை நின்றுவிடும்; நின்ற நாளிலிருந்து 18 மாதத்துக்குள் ஃபாரம் 15-இல், வேண்டுமென்றே விடவில்லை என்று காரணத்தோடு காட்டி மீட்கக் கேட்கலாம். இடைப்பட்ட காலத்தில் நம்பிக்கையோடு செய்யத் தொடங்கியவரை அலுவலகம் பாதுகாக்கும். அவர் மேல் நடவடிக்கை எடுப்பது கடினம். காப்புரிமை தாமதமாகக் கிடைத்தால் அதுவரை சேர்ந்த ஆண்டுக் கட்டணத்தைப் பதிவான நாளிலிருந்து 3 மாதத்துக்குள் மொத்தமாகக் கட்ட வேண்டும். நம்மவர்கள் அதிகம் தவறவிடுவது இந்த முதல் தவணையைத்தான்.

இதோடு ஃபாரம் 27-உம் இருக்கிறது: மெசின் இந்தியாவில் செய்து விற்கப்படுகிறதா என்ற அறிக்கை. முன்பு ஆண்டுதோறும், இப்போது மூன்று நிதியாண்டுக்கு ஒருமுறை, அது முடிந்த 6 மாதத்துக்குள். ஏஜென்ட்டின் மின்னஞ்சலை மட்டும் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு அவரோடு தொடர்பு விட்டுப்போனால் எந்த நினைவூட்டலும் உங்களுக்கு வராது. உங்கள் சொந்த மின்னஞ்சலையும் கைபேசி எண்ணையும் பதிவேட்டில் ஏற்றுங்கள். தேதிகளைப் பட்டறைச் சுவரில் ஆடிட்டர் தேதிகளோடு சேர்த்து எழுதி வையுங்கள்.